மேப்பிள் நிழலில் காட்டுப்பூக்கள்: ஜூனில் மறைந்த டிரில்லியம் எங்கே போனது?

வீட்டுக்குப் பின்னால் மூன்று பெரிய மேப்பிள் மரங்கள் நிற்கின்றன, அவற்றின் அடியில் புல் பிடிக்கவில்லை, ஆகவே கிழக்கு வட அமெரிக்கக் காடுகளுக்கே உரிய பூச்செடிகளை அங்கே வளர்க்கலாம் என்று எண்ணி நான்கு டிரில்லியம் செடிகளை வாங்கி நட்டிருக்கிறீர்கள். மே மாதம் பூத்த அவை ஜூன் முடிவதற்குள் இருந்த சுவடே தெரியாமல் போய்விட்டன. செத்துவிட்டனவா, தோண்டிப் பார்க்கலாமா, மண்ணை மாற்ற வேண்டுமா, நிழலுக்கு வேறு என்னென்ன நடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டு கேள்விகளுக்கும் உடனே விடை சொல்லிவிடலாம்: பெரும்பாலும் சாகவில்லை, தயவுசெய்து தோண்ட வேண்டாம். மற்ற இரண்டுக்கும் சற்று விரிவாகத்தான் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் டிரில்லியம் மறைந்ததற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் எதை எங்கே நடுவது என்பதும் அதிலிருந்தே தெளிவாகிவிடும்.

நிழல் தோட்டம் என்றதும் நிழலைத் தாங்கும் செடிகளைத் தேடுவதுதான் எல்லோரும் செய்வது. ஆனால் இந்தக் காட்டுப்பூக்களில் பெரும்பாலானவை நிழலை விரும்புபவை அல்ல. நிழல் விழுவதற்கு முன் தம் வேலையை முடித்துக்கொள்பவை. மினசோட்டாவிலிருந்து தென் ஒன்டாரியோ வழியாக நியூ இங்கிலாந்து வரையிலும், தெற்கே ஜார்ஜியாவின் மலைகள் வரையிலும் பரந்திருக்கும் இலையுதிர் காட்டில், பனி உருகிய பிறகு மரங்கள் துளிர்த்து இலை விரிக்கும் வரை ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரங்கள் தரையில் தடையின்றி வெயில் விழுகிறது. மண் ஈரமாக இருக்கிறது; முந்தைய ஆண்டின் இலைகள் மட்கி உரம் கிடைக்கிறது. மேப்பிளும் பீச்சும் இலை விரித்து மூடியபின் தரைக்கு வந்து சேர்வது திறந்தவெளி ஒளியில் சில விழுக்காடு மட்டுமே. ஆகவே இச்செடிகள் அந்தக் குறுகிய இடைவெளியில் முளைத்து, பூத்து, காய்த்து, ஓர் ஆண்டுக்கான மாவுச்சத்தை மண்ணடியில் சேமித்துவிட்டு உறங்கப் போய்விடுகின்றன. டிரவுட் லில்லி, ஸ்பிரிங் பியூட்டி, டச்சுமென்ஸ் பிரீச்சஸ், வர்ஜீனியா புளூபெல் ஆகியவை முழுமையாக இந்த வகை. டிரில்லியம் இவ்வளவு அவசரப்படுவதில்லை. ஈரம் இருக்குமானால் கோடையின் பின்பகுதி வரை இலையோடு நிற்கும். உங்களுடையது ஜூனிலேயே மறைந்தது என்றால், மேப்பிள் வேர்கள் அந்த இடத்தின் ஈரத்தை முழுவதும் உறிஞ்சிவிட்டன என்று கொள்ளலாம். வறட்சி வந்தால் முன்கூட்டியே உறங்கப் போவது அதன் இயல்பு. அடுத்த வசந்தத்துக்கான மொட்டு கோடை முடிவதற்குள் மண்ணடித் தண்டின் நுனியில் உருவாகிவிடும் என்பதால், ஆவல் தாங்காமல் தோண்டுகிறவர் பெரும்பாலும் அந்த மொட்டைத்தான் முறிக்கிறார்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. மரத்து நிழலும் சுவர் நிழலும் ஒன்றல்ல. வீட்டின் வடக்குச் சுவரோரம், அல்லது ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும் ஸ்புரூஸ், ஹெம்லாக் மரங்களின் கீழ், ஏப்ரலிலும் வெயில் கிடைக்காது. அங்கே புளூபெல் நட்டால் முதல் ஆண்டு கிழங்கில் இருந்த சேமிப்பைக் கொண்டு பூக்கும், இரண்டாம் ஆண்டு இலை மட்டும் விடும், மூன்றாம் ஆண்டு காணாமல் போகும். அத்தகைய இடங்களைப் பன்னங்களுக்கு (ஃபெர்ன் செடிகளுக்கு) விட்டுவிடுவதே நல்லது. ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும் கிறிஸ்துமஸ் பன்னம் அங்கே குறை சொல்லாமல் வளரும்.

உங்கள் மரங்கள் மேப்பிள் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எந்த மேப்பிள் என்பது இங்கே முக்கியம். ஓர் இலைக்காம்பை ஒடித்துப் பாருங்கள். பால் வடிந்தால் அது ஐரோப்பாவிலிருந்து வந்த நார்வே மேப்பிள். தெளிந்த நீர் கசிந்தால் பெரும்பாலும் உள்நாட்டு மரமான சுகர் மேப்பிளோ ரெட் மேப்பிளோ ஆகும். நார்வே மேப்பிள் வசந்தத்தில் முன்னதாக இலை விரிக்கிறது, இலையுதிர்காலத்தில் தாமதமாக உதிர்க்கிறது, அடர்த்தியான நிழல் தருகிறது, வேரையும் மேலாகவே பரப்புகிறது. அதாவது காட்டுப்பூக்கள் நம்பியிருக்கும் அந்தச் சில வாரங்களை இரு முனையிலும் அது கத்தரித்துவிடுகிறது. அப்படிப்பட்ட மரத்தின் தண்டை ஒட்டி எதையும் நடாமல், கிளைகளின் விளிம்பு விழும் இடத்தில் நடுவதுதான் பயன் தரும். சுகர் மேப்பிள் என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். அதன் இலையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, விரைவாக மட்கும். டிரில்லியமும் பிளட்ரூட்டும் இயற்கையில் செழிப்பது அந்த மரத்தடியில்தான்.

மண்ணை மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு என் விடை, மாற்றாதீர்கள் என்பதே. இதில் நான் பட்ட அறிவு ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு மரத்தடியில் மண்ணை ஒரு முழ ஆழம் கொத்திப் புரட்டி, மட்கு உரம் கொட்டி, மெத்தை போல ஆக்கினேன். அடுத்த ஏப்ரலில் அந்த மெத்தை முழுவதும் கார்லிக் மஸ்டர்ட் முளைத்தது. மண்ணடியில் பல ஆண்டுகளாகக் காத்திருந்த அந்தக் களைவிதைகளுக்கு நானே வெளிச்சம் காட்டியிருந்தேன். மரத்துக்கும் அது நல்லதாக இருக்கவில்லை: நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கின்றன; அவற்றை அறுத்தால் இரண்டு ஆண்டுகளில் உச்சிக்கிளைகள் காயத் தொடங்கும். மேலே புது மண்ணைக் கொட்டி உயர்த்துவதும் அதே தவறுதான். வேர் மூச்சுத் திணறும், மேப்பிள் அந்தப் புது மண்ணுக்குள்ளும் ஓரிரு ஆண்டுகளில் வேரை அனுப்பிவிடும்.

அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியது, பெரிய வேர்களுக்கு இடையே உள்ள சந்துகளைக் கைக்கொத்தால் துழாவிக் கண்டுபிடித்து, அங்கங்கே ஒரு கைப்பிடி அளவு குழி எடுத்து நடுவது. இதற்குப் பெரிய தொட்டிச் செடிகளை விடக் குழித்தட்டில் வளர்ந்த சிறு நாற்றுகளும், உறக்கநிலையில் உள்ள வெறும் கிழங்குகளும் ஏற்றவை. தொட்டியில் கொழுத்து வளர்ந்த செடிக்குப் பெரிய குழி வேண்டும். பெரிய குழி என்றால் வேர் அறுபடும். விரல் பருமனுக்கு மேற்பட்ட வேர் தென்பட்டால் அந்த இடத்தை விட்டுவிட்டு ஒரு சாண் தள்ளிப் போங்கள். செயற்கை உரம் எதுவும் தேவையில்லை. நட்ட முதல் இரண்டு கோடைகளிலும் மழையில்லாத வாரங்களில் இரண்டரை சென்டிமீட்டர் மழைக்கு ஈடான தண்ணீரை ஒரே தடவையில், மெதுவாக விட வேண்டும். தினமும் மேலாகத் தெளிப்பது மேப்பிள் வேருக்குத்தான் பயன்படும். செடி மறைந்துவிட்ட இடத்துக்கும் இந்தத் தண்ணீர் சேர வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது சருகு. உங்களுக்கு உரமும் மூடாக்கும் அதுவே. இலையுதிர்காலத்தில் வாரிப் பையில் கட்டி வெளியே வைப்பதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. மேப்பிள் இலைகள் நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை போல் படியும், அதன் அடியிலிருந்து ஹெப்பாட்டிகா போன்ற சிறு செடிகள் முட்டி வெளியே வரச் சிரமப்படும் என்பது உண்மை. அத்தகைய இடங்களில் மட்டும் புல்வெட்டியை ஒருமுறை ஓட்டி நொறுக்கிப் பரப்பலாம். எல்லாவற்றையும் நொறுக்க வேண்டாம், ஏனெனில் அந்தச் சருகுக்குள் உயிர்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஃபிரிட்டில்லரி எனப்படும் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சிகளில் பெரிய வகையை எடுத்துக்கொள்ளுங்கள்: பெண் பட்டாம்பூச்சி கோடை இறுதியில் வயலட் செடிகளின் அருகே முட்டையிடுகிறது, முட்டையிலிருந்து வெளிவரும் புழு எதையும் தின்னாமலேயே சருகுக்குள் புகுந்து குளிர்காலம் முழுவதும் உறங்கி, வசந்தத்தில் முளைக்கும் வயலட் இலையைத் தேடிப் போகிறது. வயலட்டைக் களை என்று பிடுங்கி எறிந்துவிட்டு, சருகையும் வாரிவிட்டு, பட்டாம்பூச்சி வரவில்லையே என்று வருந்துகிறவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். மரப்பட்டைத் துண்டுகளைத் தடிமனாகப் பரப்புவதும் வேண்டாம். தானாக விழும் விதைகள் அதற்குள் முளைப்பது அரிது.

சருகு என்றதும் மண்புழுவைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. மண்புழு உழவனின் நண்பன் என்று படித்து வளர்ந்த நமக்கு இது வியப்பாக இருக்கும். பனியுகத்தில் பனிப்பாளம் மூடியிருந்த வட அமெரிக்க வடபகுதியில் உள்நாட்டு மண்புழுக்கள் இல்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே சருகை மெதுவாக மட்கச் செய்தவை பூஞ்சைகளும் சிறு பூச்சிகளுமே. குடியேறியவர்களோடு வந்த ஐரோப்பிய மண்புழுக்களும், அண்மைக் காலத்தில் பரவிவரும் ஆசியத் துள்ளும் புழுக்களும் அந்தச் சருகு மெத்தையை ஒரே பருவத்தில் தின்று தீர்த்துவிடுகின்றன. மண்ணின் மேற்பரப்பு காப்பித்தூள் போலக் குருணையாகத் தெரிந்தால், தொட்டவுடன் பாம்பு போல நெளிந்து துள்ளும் புழுக்கள் இருந்தால், அவை துள்ளும் புழுக்கள். அவற்றின் முட்டைக்கூடுகள் தொட்டி மண்ணிலும் வாங்கி வந்த மட்கிலும் ஒளிந்து வருகின்றன. ஆகவே வெறும் வேராக வாங்குவது அல்லது வாங்கியதன் வேர்மண்ணைக் கழுவி நடுவது இப்போது பாதுகாப்பான பழக்கம்.

இனிச் செடிகள். முதலில் நட வேண்டியது பிளட்ரூட் என்பது என் விருப்பச் சார்பு; அதை மறைக்கப் போவதில்லை. சாங்குவினேரியா கனடென்சிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். கசகசாச் செடியின் குடும்பம். ஒற்றை இலை மொட்டைச் சால்வை போலச் சுற்றிக்கொண்டு மண்ணிலிருந்து எழும்; வெயில் பட்டதும் வெண்ணிறப் பூ விரியும்; ஓரிரு நாளில் இதழ்கள் உதிர்ந்துவிடும். காற்றோ மழையோ வந்தால் அந்த ஓரிரு நாளும் இல்லை. இதற்காகவா இவ்வளவு பாடு என்று கேட்கலாம். ஆனால் பூ போனபின் விரியும் அந்த வட்டமான, ஓரம் வெட்டிய இலை, ஈரம் இருந்தால் கோடை வரை நின்று தரையை மூடும். மண்ணடித் தண்டை முறித்தால் செந்நிறச் சாறு வடியும். அதில் உள்ள சாங்குவினரின் தோலைப் புண்ணாக்கும் என்பதால் கையுறை போட்டுக்கொண்டே பிரித்து நட வேண்டும். மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் படுக்கையாக வைத்தால் போதும்; ஆழமாகப் புதைத்தால் அழுகும். இதழ்கள் அடுக்கடுக்காக உள்ள மல்டிபிளெக்ஸ் என்ற வகை நீண்ட நாள் நிற்கும், ஆனால் அது மலடு. தேனீக்கும் பயனில்லை, எறும்புக்கும் விதையில்லை.

எறும்பு என்று சொன்னேன். இத்தோட்டத்தின் உண்மையான தோட்டக்காரர் அதுதான். பிளட்ரூட், டிரில்லியம், வயலட், வைல்டு ஜிஞ்சர், டிரவுட் லில்லி ஆகிய எல்லாவற்றின் விதையிலும் எலையோசோம் எனப்படும் கொழுப்புச் சதை ஒட்டியிருக்கிறது. அஃபினோகாஸ்டர் இனத்து எறும்புகள் விதையைக் கூட்டுக்கு இழுத்துச் சென்று, சதையைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துவிட்டு, விதையைத் தங்கள் குப்பைமேட்டில் போட்டுவிடும். அங்கே அது முளைக்கும். ஆனால் எறும்பு கொண்டுபோகும் தூரம் பெரும்பாலும் ஓரிரு மீட்டர்தான். ஒரு காலத்தில் உழுது பயிரிடப்பட்டு, பின்பு கைவிடப்பட்டு, மீண்டும் மரம் வளர்ந்து நூறாண்டான காடுகளில்கூட இந்தப் பூக்கள் இல்லாமல் இருப்பதற்கு இதுவே முக்கியமான காரணம்: மரத்தின் விதை காற்றில் வந்துவிட்டது, பூவின் விதை இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கிறது. உங்கள் தோட்டத்துக்கு அவை தாமாக வந்து சேரும் என்று காத்திருக்க முடியாது, நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். வந்த பிறகு, எறும்புக் கொல்லி மருந்து தெளிக்காமல் இருந்தால், பரப்பும் வேலையை அவை பார்த்துக்கொள்ளும். எனக்கு ஒரு பிளட்ரூட் கல் வரப்பின் இடுக்கில் முளைத்தது. அந்த இடத்தை நான் தேர்ந்தெடுத்திருக்கவே மாட்டேன், ஆனால் அதைவிடப் பொருத்தமான இடமும் தோட்டத்தில் இல்லை.

டிரில்லியம் பற்றி நீங்கள் ஏற்கெனவே ஓரளவு அறிந்திருப்பீர்கள். வெள்ளை டிரில்லியம், அதாவது டிரில்லியம் கிராண்டிஃபுளோரம், 1937 முதல் ஒன்டாரியோ மாகாணத்தின் மலராக இருக்கிறது. பூ முதிரும்போது வெண்மை மாறி இளஞ்சிவப்பாகும், அது நோயல்ல. இதழில் பச்சைக் கோடுகள் தெரிந்தால் மட்டும் அது நோய். ஃபைட்டோபிளாஸ்மா எனப்படும் நுண்ணுயிரியால் வருவது, அழகாக இருக்கிறதே என்று அதை வளர்க்க வேண்டாம். விதையிலிருந்து பூவரை ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆகும். முதல் குளிருக்குப் பின் வேர் மட்டும் மண்ணுக்குள் இறங்கும். இரண்டாம் குளிருக்குப் பின்தான் வித்திலை வெளியே தலைகாட்டும். பிறகு சில ஆண்டுகள் ஒற்றை இலையாக நின்று, மூன்று இலையாகி, அதன் பின்பே பூக்கும். பூவைப் பறிக்கும்போது மூன்று இலைகளும் சேர்ந்தே வந்துவிட்டால், அந்த ஆண்டு அதற்கு உணவு தயாரிக்க வேறு வழியில்லை. வேறு இலை அது விடுவதில்லை.

இந்தக் கணக்கு உங்களுக்கு இன்னொன்றையும் உணர்த்த வேண்டும். பத்தாண்டு வளர்க்க வேண்டிய ஒரு செடியை ஒருவர் மலிவாகக் குவித்து விற்கிறார் என்றால், அவர் வளர்க்கவில்லை. காட்டிலிருந்து தோண்டி எடுத்திருக்கிறார். நாற்றங்காலில் வளர்ந்தது என்று அட்டையில் எழுதியிருப்பது போதாது. காட்டில் தோண்டியதைத் தொட்டியில் ஒரு பருவம் வைத்திருந்தாலும் அப்படி எழுதலாம். விதையிலிருந்தோ பிரித்தெடுத்த தண்டிலிருந்தோ நாற்றங்காலிலேயே உற்பத்தியானதா என்று நேராகக் கேளுங்கள். மழுப்பலான விடை வந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். இளஞ்சிவப்பு லேடிஸ் ஸ்லிப்பர் என்னும் நிலவாழ் ஆர்க்கிடை எந்த நிலையிலும் வாங்க வேண்டாம். அதற்கு மிகுந்த அமில மண்ணும் அதற்கே உரிய பூஞ்சைத் துணையும் வேண்டும். தோட்டத்துக்குப் பெயர்த்து வந்தவற்றில் பிழைப்பவை மிகக் குறைவு.

வர்ஜீனியா புளூபெல் இந்தக் கூட்டத்தில் மிக எளிதானது. மொட்டு இளஞ்சிவப்பாகவும் விரிந்த பூ நீலமாகவும் இருக்கும். ஈரமான, தாழ்ந்த மூலையை இதற்குக் கொடுங்கள்; தானே விதை விழுந்து பரவும். மே இறுதியில் இலைகள் மஞ்சளாகிச் சரிந்து கிடக்கும் கோலத்தைப் பார்த்துச் சிலர் வெட்டிவிடுகிறார்கள். அது அடுத்த ஆண்டுக்கான சேமிப்பு நடக்கும் வேளை. தானாக உதிரும் வரை விட்டுவிட வேண்டும். டிரவுட் லில்லி பொறுமையைச் சோதிப்பது. புள்ளியிட்ட ஒற்றை இலைகள் நூற்றுக்கணக்கில் பரவும், பூவோ பத்தில் ஒன்றுகூட இருக்காது. இரண்டு இலை விட்டவை மட்டுமே பூக்கும். பத்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் நட வேண்டும். இருந்தாலும் அதை வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அந்தப் பூவின் மகரந்தத்தையே பெரிதும் நம்பி வாழும் ஆண்டிரீனா எரித்ரோனி என்றொரு தனித்தேனீ உண்டு. ஸ்பிரிங் பியூட்டிக்கும் அவ்வாறே ஆண்டிரீனா எரிஜீனியே என்ற சொந்தத் தேனீ இருக்கிறது.

ஜாக்-இன்-த-புல்பிட், அதாவது அரிசீமா டிரிஃபில்லம், நம்மவர்களுக்குப் பார்த்தவுடனேயே உறவு தெரியும்: சேம்பு, சேனை, கருணைக்கிழங்கின் குடும்பம், கிழங்கு வாயை அரிக்கும், காரணமும் அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான். இதன் வாழ்க்கைமுறை விந்தையானது. கிழங்கு சிறிதாக இருக்கும் ஆண்டில் ஆணாகப் பூக்கும். உணவு சேர்ந்து பருத்த ஆண்டில் பெண்ணாகப் பூத்துச் சிவப்பு நிறக் காய் பிடிக்கும். காய்த்துக் களைத்தால் மீண்டும் ஆணாகிவிடும். மகரந்தம் சுமக்கும் சிறு பூஞ்சைக் கொசு ஆண் பூவின் அடியில் உள்ள துளை வழியே தப்பித்துவிடலாம். பெண் பூவில் அந்தத் துளை இல்லை. ஆகவே உங்கள் செடி ஓராண்டு காய்த்து மறு ஆண்டு காய்க்கவில்லை என்றால் பதற்றப்பட வேண்டியதில்லை.

மேயாப்பிள் மட்டும் எச்சரிக்கையோடு நட வேண்டியது. குடை போன்ற அதன் இலைகள் கூட்டமாக எழும் அழகைப் பார்த்து நடுவில் நட்டுவிட்டால், ஐந்தாறு ஆண்டுகளில் மண்ணடித் தண்டு ஓடி மென்மையான செடிகளை எல்லாம் அமுக்கிவிடும். மர வேர் அடர்ந்து வேறெதுவும் பிடிக்காத மூலை ஒன்று உங்களிடம் இருக்கும். அதற்கென்றே படைத்த செடி இது. பழுத்த கனி தவிர மற்ற எல்லாப் பகுதிகளும் நஞ்சு. குழந்தைகள் விளையாடும் இடமானால் வேண்டாம். அந்த நஞ்சான போடோஃபில்லோடாக்சினை அடிப்படையாகக் கொண்டுதான் எட்டோபோசைடு என்ற புற்றுநோய் மருந்து உருவானது. வைல்டு ஜிஞ்சரும் பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாத ஒன்று: மணத்தில்தான் இஞ்சி, உறவில் அல்ல, சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் அதில் இருப்பதால் வாயில் வைக்கக் கூடாது. நிலப்போர்வையாக அதற்கு இணை இல்லை.

ஃபோம்ஃபிளவர், நீல உட்லேண்ட் ஃபிளாக்ஸ், வைல்டு ஜெரேனியம், சாலமன்ஸ் சீல் ஆகிய நான்கும் கேள்வி கேட்காமல் வளர்பவை. ஹம்மிங்பறவையை வரவழைக்கும் சிவப்புக் கொலம்பைன் சற்று வெளிச்சமான ஓரத்தில் தானே விதைத்துக்கொண்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். இவற்றைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை.

ஆனால் இவை யாவும் வசந்தத்தின் செடிகள். ஜூன் முதல் அக்டோபர் வரை அந்த இடம் வெறுமையாகக் கிடந்தால், ஒன்று நீங்களே மறந்துபோய் அங்கே மண்வெட்டியைப் போடுவீர்கள், அல்லது களை அந்த இடத்தைப் பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு வசந்தச் செடிக்கும் ஒரு கோடைத் துணை வேண்டும். புளூபெல் கூட்டத்துக்கு இடையே மெய்டன்ஹேர் பன்னத்தை நடுங்கள். புளூபெல் இலை சரியும் வாரத்தில்தான் பன்னத்தின் மடல்கள் விரிந்து மூடும். டிரவுட் லில்லியின் மேல் ஃபோம்ஃபிளவர் பரவலாம். அதன் வேர் மேலாகவே நிற்பதால் கீழே உள்ள கிழங்குகளுக்கு இடைஞ்சல் இல்லை. இலையுதிர்காலத்துக்கு வெள்ளை வுட் ஆஸ்டர், நீல வுட் ஆஸ்டர், ஜிக்ஜாக் கோல்டன்ராட் மூன்றும் போதும். மேப்பிளின் வறண்ட நிழலில் செப்டம்பரில் பூத்துக் குலுங்குபவை வேறு அதிகம் இல்லை. வைட் ஸ்னேக்ரூட்டும் அதே காலத்தில் பூக்கும், நானும் ஓரிரண்டை விட்டுவைத்திருக்கிறேன். ஆனால் அதைத் தின்ற பசுவின் பாலில் நஞ்சு இறங்கும். ஆபிரகாம் லிங்கனின் தாய் நான்சி 1818இல் இறந்தது இந்தப் பால்நோயால்தான் என்று கருதப்படுகிறது. கால்நடை உள்ள இடத்தில் அதற்கு வேலையில்லை.

களைகளில் இரண்டை மட்டும் முகம் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். 1868இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் முதன்முதலாகப் பதிவான கார்லிக் மஸ்டர்ட், மர வேரோடும் பூச்செடி வேரோடும் கூட்டு வாழ்க்கை நடத்தும் பூஞ்சைகளை முடக்கும் பொருள்களை மண்ணில் விடுகிறது. கசக்கினால் பூண்டு வாசம் வரும். அது இரண்டாண்டுச் செடி. பூக்கும் ஆண்டில் விதை பிடிக்கும் முன், மழைக்குப் பின் வேரோடு இழுத்தால் வந்துவிடும், பிடுங்கியதை அங்கேயே போட்டால் காய்ந்துகொண்டே விதையை முற்றவிடும். மற்றது லெஸ்ஸர் செலண்டைன்: மார்ச்சிலேயே பளபளக்கும் இலையும் மஞ்சள் பூவுமாகத் தரையை மூடுவது. உள்நாட்டுச் செடியான செலண்டைன் பாப்பியோடு பெயரில் குழப்பம் உண்டு. பாப்பியின் இலை ஆழமாகப் பிளவுபட்டிருக்கும், இதழ் நான்கே. லெஸ்ஸர் செலண்டைனுக்கு இதய வடிவ இலை, இதழ்கள் பெரும்பாலும் எட்டோ அதற்கு மேலோ இருக்கும், வேரில் சிறுசிறு கிழங்குகள் தொங்கும். ஒரு கிழங்கு மண்ணில் தவறினாலும் மறு ஆண்டு அது ஒரு புதர்.

மான் வரும் இடமா என்று நீங்கள் சொல்லவில்லை. வரும் என்றால் டிரில்லியத்துக்குக் கம்பிவலைக் கூடு கட்டாயம். ஒருமுறை மேயப்பட்ட செடி மறு ஆண்டு சிறுத்து வரும், தொடர்ந்து மேயப்பட்டால் ஒற்றை இலை நிலைக்கே திரும்பிவிடும். பன்னம், மேயாப்பிள், வைல்டு ஜிஞ்சர் ஆகியவற்றை மான் பெரும்பாலும் விட்டுவிடுகிறது.

விதைப்பதில் ஆர்வம் இருந்தால், இச்செடிகளின் விதை பலவும் உலர்ந்தால் கெட்டுவிடும் என்பதை நினைவில் வையுங்கள். காகித உறையில் ஆறு மாதம் கிடந்த பிளட்ரூட் விதையை வாங்குவது வீண். ஜூனில் காய் மஞ்சளாகி வெடிக்கும் நிலையில் பறித்து, அன்றே மண்ணில் அரை அங்குல ஆழத்தில் இட்டுச் சருகால் மூடி, கல்லால் அடையாளம் வைத்துவிட வேண்டும்.

வாங்கும் முன் இச்செடிகள் ஒன்றோடொன்று எப்படி நிற்கின்றன என்று நேரில் பார்ப்பது எந்தப் பதிலையும் விடப் பயன்தரும். மினியாபோலிசில் 1907இல் தொடங்கிய எலோயிஸ் பட்லர் காட்டுப்பூந்தோட்டமும், மாசசூசெட்ஸில் ஃபிரேமிங்ஹாமில் வில் கர்ட்டிஸ் 1931இல் தொடங்கிய கார்டன் இன் த உட்ஸ் தோட்டமும் இதற்கென்றே உள்ளவை. இவற்றில் எது அருகில் இருக்கிறதோ அதற்கு மே முதல் பாதியில் ஒருமுறையும் ஜூலையில் ஒருமுறையும் போய்வாருங்கள். இரண்டாவது பயணத்துக்கு யாரும் போவதில்லை, ஆனால் உங்கள் கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது: மே மாதம் பூவாக இருந்த இடத்தில் ஜூலையில் என்ன நிற்கிறது என்று பார்க்கலாம்.

இப்போதைக்கு, உங்கள் நான்கு டிரில்லியங்களும் இருந்த இடம் நினைவிருக்கும்போதே ஆளுக்கொரு குச்சியை நட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை தண்ணீர் விடுங்கள். செப்டம்பர் இறுதியிலிருந்து மண் உறையும் வரை உள்ள வாரங்கள் வெறும் கிழங்குகளை நட ஏற்ற காலம். ஒரே இனத்தில் ஐந்தும் ஏழுமாகச் சேர்த்து, முதல் ஆண்டு இரண்டு சதுர மீட்டர் மட்டும் நடுங்கள், பிழைத்தவற்றைப் பார்த்து மறு ஆண்டு விரிக்கலாம். விழும் சருகை அங்கேயே விட்டுவிடுங்கள். அடுத்த ஏப்ரல் பின்பாதியில் குச்சிகளின் அருகே சருகை விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள்; மூன்று இலைகள் சுருட்டிக்கொண்டு எழுந்தால் பூ உண்டு என்று வைத்துக்கொள்ளலாம், பூவில்லாமல் இலை மட்டும் வந்தால் அந்த ஆண்டு அது வேரூன்றிக்கொண்டிருக்கிறது, மே இறுதிவரை ஒன்றுமே வராத குச்சியை மட்டும் பிடுங்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பன்னத்தை வையுங்கள்.